மூவார் பின்வாங்கல் (1942)
இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவின் ஜொகூரில், மூவார் ஆற்றங்கரையில், 1942 ஜனவரி நடுவில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் 45ஆம் பிரிகேட் நிலைகுலைந்து பின்வாங்கிய நிகழ்வு. ராஜபுதனா, ஜாட், கார்வால் பட்டாளங்களைச் சேர்ந்த இவ்வீரர்களில் பலர் பயிற்சி நிறைவுறாத இளைஞர்கள். ஜப்பானியர் ஆற்றைக் கடந்து பக்கவாட்டில் சூழ்ந்ததும் அணிகள் சிதறின; அதைக் கோழைத்தனம் என்பது பெரும் அநீதி. பக்ரியில் பிரிகேட் தலைமையகம் குண்டுவீச்சில் சிதைந்தபின், ஆஸ்திரேலியப் படை அதிகாரி சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமையேற்று, எஞ்சிய இந்திய, ஆஸ்திரேலிய வீரர்களைப் போரிட்டபடியே பாரிட் சூலோங் வரை நடத்திச் சென்றார். அங்கே பாலம் எதிரி வசமிருந்தது. நடக்க முடிந்தோர் சதுப்பு நிலத்தினூடே யோங் பெங் நோக்கித் தப்பினர். நடக்க இயலாமல் விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயமுற்றோர் சுமார் 150 பேரை ஜப்பானியர் ஜனவரி 22இல் கொன்றனர். இப்படுகொலைக்காகத் ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.