ஓடிப்போனவர் குற்றவாளி: ஊவாத் தோட்டங்களில் சட்டமும் பாதுகாப்பும்

ஒரு நிலப்பகுதியில் குற்றம் பெருகியதா குறைந்ததா என்று அறிய விரும்புவோர் பொலிஸ் பதிவேடுகளையும் நீதிமன்றப் புத்தகங்களையும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். ஆயினும் அப்பதிவேடுகள், அந்தந்தக் காலத்துச் சட்டம் எதைக் குற்றம் என்று வரையறுத்ததோ அதை மட்டுமே எண்ணுகின்றன என்பதை மறந்துவிட்டால், அவற்றிலுள்ள எண்கள் வாசகரைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகரைச் சுற்றியுள்ள கோப்பி, தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். அங்கே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், ஒரு தொழிலாளி சொல்லாமல் வேலையை விட்டு வெளியேறுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பின்னாளில் அதே தொழிலாளியின் பேரப்பிள்ளைகளுடைய கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, எரித்தவர்களில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்று தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம்.

ஊவாவில் ஆங்கிலேயர் ஆட்சி அமைதியாக நிலைபெறவில்லை. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சி, ஊர்களை எரித்தும் பயிர்களை அழித்தும் ஒடுக்கப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவரான கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஊவாவின் மலைச்சரிவுகளில் பின்னர் கோப்பித் தோட்டங்கள் பரவின. மத்திய மாகாணத்தின் பகுதியாக இருந்த ஊவா 1886இல் தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராயிற்று. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளை வரையும் 1924இல் பதுளை வரையும் வந்தது. இந்த ஆண்டுகள் நினைவில் கொள்ளத்தக்கவை. ஏனெனில், பாதை வருவதற்கு முந்திய தலைமுறைகளுக்கு ஊவா எட்டாத் தொலைவிலுள்ள மலைநாடாகவே இருந்தது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியே காடுகளூடாக நடந்து, மாத்தளை, கண்டி கடந்து இங்கு வந்து சேர்ந்த ஒருவர், துரையின், அதாவது தோட்ட மேலாளரின், அனுமதியின்றித் திரும்பிப் போக எண்ணினால், அவருக்கு முன்னால் காடு இருந்தது, பின்னால் சட்டம் இருந்தது.

அந்தச் சட்டம் 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தொடங்கி, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாக முழு வடிவம் பெற்றது. எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றியதென்று பெயர் பெற்றிருந்த இச்சட்டத்தின் கூர்முனை, ஒப்பந்தத்தை மீறுவதைக் குடியியல் வழக்காகக் கருதாமல், அதாவது நட்டஈடு கேட்டுத் தொடுக்கும் வழக்காகக் கொள்ளாமல், குற்றவியல் வழக்காக ஆக்கியதில் இருந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்வது, கட்டளைக்குப் பணியாமை, அவமரியாதையான நடத்தை, குடிபோதை, வேலையில் அசட்டை ஆகிய யாவும் மூன்று மாதம் வரையிலான கடூழியச் சிறைக்கோ தண்டப்பணத்துக்கோ உரியவையாயின. அடுத்த தோட்டத்தின் ஆட்களை ஆசைகாட்டி இழுத்துக்கொள்வதும் தண்டனைக்குரியதாக்கப்பட்டது. துரைமார் மீதும் சட்டத்தின் எழுத்தில் சில கடமைகள் சுமத்தப்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆனால் கோப்பிக் காலத்தில் கூலி மாதக்கணக்கில் நிலுவையாகக் கிடப்பது வழமையாக இருந்தும், எழுத்தறியாத ஒரு தொழிலாளி மலையிறங்கிச் சென்று தன் துரை மீது வழக்கு வைப்பது அரிதினும் அரிதாகவே இருந்தது. தோட்டத்துரைமார் பலர் சமாதான நீதவான், உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான் ஆகிய பதவிகளை வகித்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வழக்குக் கேட்பவரும் வழக்காளியும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்களாக இருந்த நிலை விளங்கும்.

ஓடிப்போவதைத் தடுத்த இரண்டாவது கயிறு கடன். தமிழ்நாட்டில் ஆள் சேர்த்து வந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதினார். அக்கடனோடுதான் ஒரு குடும்பம் லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளில், குடியேறியது. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், பழைய துரை ‘துண்டு’ எனப்பட்ட சீட்டொன்றைக் கொடுத்தார். இத்தனை பேருடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்பதே அதன் பொருள். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொண்டார். மனிதரை விற்பதைச் சட்டம் தடைசெய்திருந்த ஒரு நாட்டில், மனிதரின் கடன் கைமாறியது. கடனோடு மனிதரும் கைமாறினர். துண்டு இன்றி வந்தவரை ஏற்றுக்கொள்வது துரைமாருக்குள் விரோதத்தை வளர்த்தது. துண்டு இன்றிப் போனவரோ குற்றவாளியானார்.

இக்காலத்தின் மற்றொரு ‘குற்றம்’ கோப்பிக் களவு. காய் பழுத்திருக்கும் பருவத்தில் தோட்டங்களிலிருந்து கோப்பி திருடப்பட்டு அயலூர்ச் சிறுகடைகளில் விற்கப்படுகிறது என்ற தோட்டக்காரரின் முறைப்பாட்டை ஏற்று, 1870களில் அதற்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கோப்பியை அழித்தது திருட்டு அன்று. ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழிலையே விழுங்கிவிட்டது. தோட்டங்கள் கைவிடப்பட்டபோது கூலி நிலுவையோடு நடுத்தெருவில் நின்றவர்களின் இழப்பு எந்தக் குற்றப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கூலிக்காகத் தோட்டத்தின் சொத்தின் மேல் உரிமை கோருவதையும், கூலி குறித்த காலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் ஒழுங்குபடுத்திய சட்டங்கள் 1880களில்தான், அதுவும் தோட்டங்கள் முறிந்த பின்னரே வந்தன.

தோட்டத்துக்குள் அன்றாடப் பாதுகாப்பை யார் பார்த்துக்கொண்டனர் என்ற கேள்வி முக்கியமானது. சிங்கள ஊர்களில் ரட்டமஹத்தயா, ஆராச்சி முதலிய தலைமைக்காரர்கள் இருந்தனர். 1871இல் கம்சபா எனப்பட்ட ஊர்மன்றங்களும் மீண்டும் உருவாக்கப்பட்டன. தோட்டங்கள் இந்த அமைப்புக்கு வெளியே நின்றன. பிரட்டுக்களத்தில், அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கும் முற்றத்தில், துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியுமே விசாரணையும் தீர்ப்பும் ஆயினர். லயத்துச் சண்டை, பெண் மீதான கொடுமை, சாராயக் கலகம் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே ‘அரைப்பேர்’ எனப்பட்ட அரைநாட் கூலி வெட்டோடு முடிந்தன. அரசு சாராயக் கடைகளைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டிய காலத்தில், தோட்டங்களின் எல்லையில் கடை வைப்பது இலாபகரமான தொழிலாக இருந்தது. குடியால் விளைந்த அடிதடிக்குத் தொழிலாளியின் ‘குணமே’ காரணம் என்று சொல்லப்பட்டதே தவிர, கடைக் குத்தகையின் வரவை எண்ணியவர்கள் அதன் விளைவை எண்ணவில்லை. லயத்துக்குள் பெண்கள் பட்ட அடி பொலிஸ் புத்தகத்துக்கு வராததால், அக்காலத் தோட்டங்களில் குற்றம் குறைவு என்று ஒருவர் முடிவு செய்தால் அது பெரும் பிழையாகும்.

இந்திய அரசின் அழுத்தமும் இலங்கையில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்குத் தோட்டத் தொழிலாளரைச் சிறையிலிடும் வழக்கமும் அக்காலப்பகுதியில் முடிவுக்கு வந்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஓடிப்போதல் குற்றமல்லாமல் போனாலும், தொழிற்சங்கம் கட்ட வெளியிலிருந்து தோட்டத்துக்குள் வருபவர் அத்துமீறி நுழைந்தவராகவே கருதப்பட்டார். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழையும் உரிமையைத் தனிச்சட்டமாக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் மலையகமெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. 1940 சனவரியில் மத்திய மாகாணத்து முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அலை ஊவாவை எட்டியபோது பதுளைப் பகுதியின் வெவஸ்ஸத் தோட்டத்தில் அது உச்சம் கண்டது. அங்கே தொழிலாளர் தாமே தெரிவு செய்த குழுவொன்றை அமைத்தனர். அக்குழுவோடு கலந்தே தோட்டத்தை நடத்தத் துரை இணங்கும் நிலை ஏற்பட்டது. ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸ் அணியிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டனர். இடதுசாரிச் சமசமாஜக் கட்சி முன்னின்ற இப்போராட்டம், அடுத்து வந்த கடும் பொலிஸ் நடவடிக்கையாலும், ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளத்தாலும் ஒடுங்கியது. 1940 சூனில் அக்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டனர். அரசு ஆவணங்கள் இதைக் கலகம் என்று குறிக்கக்கூடும். ஆனால் நூறாண்டாகப் பிரட்டுக்களத்தில் தீர்ப்புப் பெற்றுவந்த மக்கள், தம் பாதுகாப்பைத் தாமே ஒழுங்கு செய்ய முற்பட்ட முதல் முயற்சிகளில் ஒன்றாக அதைக் கொள்வதே நியாயமானது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறொரு திருப்பம் கொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமையோடு வாக்கும் இழந்தவருக்காகப் பேச நாடாளுமன்றத்தில் மிகச் சிலரே இருந்தனர். வாக்காளரல்லாத லயத்தின் முறைப்பாடு பொலிஸ் நிலையத்திலும் எடையற்றுப் போயிற்று, அதிலும் முறைப்பாட்டை எழுதுபவரின் மொழி வேறாக இருந்தபோது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டது வெகுகாலத்துக்குப் பின்னரே.

1977 ஆகஸ்டில் தமிழருக்கெதிரான வன்முறையில் மலையகத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் வடக்கே வவுனியா நோக்கிப் புறப்பட்டன. 1983 சூலையில் மீண்டும் தமிழருக்கெதிரான வன்முறையில் கொழும்பு எரிந்த முதல் நாட்களில் பதுளை அமைதியாகவே இருந்தது. 27ஆம் நாள் முற்பகலில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலளவில் கடைவீதி எரிந்தது, பின் வீடுகள் எரிந்தன. கூட்டம் வாகனங்களில் ஏறிப் பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை ஆகிய ஊர்களுக்குப் போயிற்று, இரவுக்குள் தீ லுணுகலையையும் எட்டியது. மூன்று நாள் முன்னறிவிப்பு இருந்தும் ஒரு மாகாணத் தலைநகரைக் காக்க இயலவில்லை என்பது, அங்கிருந்த காவலின் அளவைவிட அதன் நோக்கத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் இருந்த புனர்வாழ்வு நிலையம், அதாவது உள்நாட்டுப் போர்க்காலத்தில் சரணடைந்தும் கைதாகியும் வந்த தமிழ் இளைஞரைத் தடுத்துவைத்துப் பயிற்சியளித்த அரசு நிலையம், 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலையில் பெருங்கூட்டத்தால் தாக்கப்பட்டது. அங்கிருந்த நாற்பத்தொரு பேரில் இருபதுக்கும் மேற்பட்டோர், பொலிசார் அவ்விடத்தில் நின்றிருக்கவே, வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். அரசு விசாரணை ஆணைக்குழு அமைத்தது, வழக்கும் நடந்தது, 2003 சூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாதத்தோடு அந்த ஐவரும் மேன்முறையீட்டில் விடுதலை பெற்றனர்.