லாக் ஷீட்டிலிருந்து வந்த கெர்னல்

உரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். நைட் ஷிஃப்டில் மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். தூக்கக் கலக்கத்தில் போன மணி எண்ணையே திரும்ப எழுதி வைத்தவர்கள் உண்டு; நானும் எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் போலந்தின் புவாவி நகரத்துக் கதை எனக்குப் பிடிக்கும். அங்கேயும் உர ஆலைதான். 1967 வாக்கில் அந்த லாக் ஷீட் வேலையை ஆர்.சி. 4000 என்ற கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். செய்து கொடுத்தது கோபன்ஹேகனின் ரெக்னெசென்ட்ராலன் நிறுவனம். அதற்கான மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்ற இளைஞர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

சிக்கல் அடுத்த வாடிக்கையாளர்களிடம் வந்தது. ஒருவருக்கு ஆலைக் கட்டுப்பாடு, இன்னொருவருக்கு வரிசையாக வேலைகளை ஓட்டும் முறை, வேறொருவருக்குப் பலர் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் வசதி. ஆளுக்கு ஒரு இயங்குதளம் எழுதிக் கட்டுப்படியாகுமா? பிரிஞ்ச் ஹான்சன், யோர்ன் யென்சன், சோரன் லாவெசன் மூவரும் 1969இல் வேறு வழி கண்டார்கள். நடுவில் ஒரு சின்னக் கரு மட்டும்; அதற்கு நியூக்ளியஸ் என்று பெயர். எந்த வேலை முன்னால், எதற்கு எவ்வளவு நினைவகம் என்ற கொள்கை எதுவும் அதற்குள் கிடையாது. அதெல்லாம் வெளியே, சாதாரண புரோகிராம்களின் பாடு. வேண்டுமானால் ஒரு இயங்குதளத்தை நிறுத்திவிட்டு இன்னொன்றைக் கிளப்பலாம்.

புரோகிராம்கள் பேசிக்கொள்ள நான்கே கட்டளைகள்: கடிதம் போடு, கடிதத்துக்குக் காத்திரு, பதில் போடு, பதிலுக்குக் காத்திரு. நம் தபால்காரருக்கே புரியும். கடிதத்தாள் எல்லாருக்கும் பொதுக்கட்டு. ஒருவனே போட்டுத் தீர்த்துவிடக் கூடாதென்று ஆளுக்கு இத்தனைதான் என்று ரேஷன் வேறு. அந்த ரேஷனில்தான் ஷிஃப்ட் பார்த்தவனின் புத்தி தெரிகிறது எனக்கு.

இப்படிச் சின்னக் கரு மட்டும் நடுவில் இருக்கும் அமைப்பை இப்போது மைக்ரோகெர்னல் என்கிறார்கள். அதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பையன்கள் உடனே மாக் என்ற கெர்னலைத்தான் சொல்வார்கள். அது 1980களின் நடுவில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. பிரிஞ்ச் ஹான்சனும் 1970இல் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போனார். மாக் வந்தபோது அவர் அங்கிருந்து கிளம்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.