கிடாருக்கு எத்தனை வயசு?

"பின்னாடி நம்பர் இருக்கே, அதைப் பார்த்தா வருஷம் தெரிஞ்சிடாதா? இதுல என்னடா ஆராய்ச்சி?" என்று கேட்டான் வகுப்புத் தோழன். பழைய எலெக்ட்ரிக் கிடார்களைப் பற்றி நான் அரை மணி நேரமாக அறுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இதுதான் அந்தப் பதில்.

அவன் கேட்டதில் தப்பில்லை. பழைய புல்லட் வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும்தானே பார்ப்பார்? அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகில், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில், நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய சின்ன உலோகத் தகடு ஒன்று இருக்கும். நம்பர் அதில்தான்.

2019 ஜூனில் நியூயார்க்கில் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் தன்னுடைய கிடார்களைக் கிறிஸ்டீஸ் மூலமாக ஏலம் விட்டார். அவற்றில் ஒரு வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர், தகட்டில் இருந்த நம்பர் 0001. போன விலை 18,15,000 டாலர். அப்படியானால் உலகத்தின் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதானா?

இல்லை! அதன் கழுத்தில் இருக்கும் தேதி 1954 ஜூன். உடலில் இருப்பது செப்டம்பர். அதற்கு முந்தைய மாதங்களின் தேதி போட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் வேறு கிடைத்திருக்கின்றன. நம்பர் ஒன்று என்றால் முதலில் பிறந்தது என்று அர்த்தமில்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. நம்பர் அடித்த தகடுகள் ஒரு பெட்டியில் கொட்டிக் கிடக்கும். கிடாரைப் பூட்டுகிறவர் கைக்கு வந்ததை எடுத்து முடுக்குவார். வரிசை பார்த்து எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கும் அது தேவைப்படவில்லை. அடியில் போன தகடு அடியிலேயே கிடந்து பல மாதம் கழித்து மேலே வரும். அதனால் நம்பரை வைத்து ஏறக்குறைய இந்த வருஷங்கள் என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

பிறகு கழுத்துத் தேதி, உடல் தேதி என்றேனே, அவை எங்கே இருக்கின்றன? அங்கேதான் சுவாரசியம். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிக் கழுத்தை வெளியே எடுத்தால், உடலுக்குள் மறைந்திருக்கும் அதன் அடிப்பகுதியில் பென்சிலில் மாதமும் வருஷமும் எழுதியிருக்கும். சிலவற்றில் "டி.ஜி." என்ற எழுத்துகளும் இருக்கும். 1950களில் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் கழுத்துகளைச் செதுக்கிய தடேயோ கோமெஸ் என்பவரின் கையெழுத்து அது. வாங்குகிறவர் பார்ப்பதற்காக அவர் அதை எழுதவில்லை. தொழிற்சாலைக்குள் கணக்கு தெரிவதற்காக எழுதியது. கம்பெனி ஊருக்குக் காட்டிய நம்பரைவிட, யாருக்கும் காட்டாத இந்தப் பென்சில் கிறுக்கல் எத்தனையோ மடங்கு நம்பகமானது. சரித்திரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் ஜூனில் செய்த கழுத்து செப்டம்பரில் செய்த உடலோடு சேர்ந்தது எப்போது? செப்டம்பருக்கு முன்னால் இருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். எந்தக் கிடாரும் தன்னிடம் இருக்கும் அசல் பாகங்களில் கடைசியாகச் செய்யப்பட்டதைவிட மூத்ததாக இருக்காது. மொத்தத் துப்பறியும் வேலையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது.

1962இல் பென்சில் போய் ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. "2 மார்ச் 65 பி" என்று இருந்தால் மார்ச் இரண்டாம் தேதி என்று படிக்கத் தோன்றும். அது தப்பு. 2 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் கழுத்துக்கான குறியீடு, பி என்பது கழுத்தின் அகலம். தேதியே கிடையாது, மாதம் வரைக்கும்தான்.

அடுத்து வால்யூம் கன்ட்ரோல். குமிழுக்கு அடியில் இருக்கும் அந்த உலோகப் பாகத்தின் மேல் எண்கள் அடித்திருக்கும். 3046612 என்றால் 304 என்பது ஸ்டாக்போல் என்ற தயாரிப்பாளர், 66 என்பது 1966, 12 என்பது பன்னிரண்டாவது வாரம். அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஃபெண்டர் 1966இல் இவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டு அந்தப் பத்தாண்டின் கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தது. 1968இல் செய்த கிடாருக்குள் 1966 உட்கார்ந்திருக்கும். இதுவும் "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டுமே சொல்லும்.

மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு, பணம். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு தரம் இறங்கிவிட்டது என்பது கிடார்க்காரர்களின் தீர்ப்பு. (உடனே ஒரே நாளில் இறங்கியிருக்காது என்பது என் கருத்து. ஆட்களும் மரமும் இயந்திரமும் அதேதானே?) ஆனாலும் விலை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு. பென்சில் கிறுக்கலைப் பொய்யாக எழுத நாலணா பென்சில் போதும்!

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுப் பார்க்கிறார்கள். விரல் வைக்கும் பலகை மேப்பிளா, 1959இல் வந்த ரோஸ்வுட்டா (நம் ஊர் ஈட்டி மரத்துக்கு உறவு)? ரோஸ்வுட் என்றால் தடிமனானதா, 1962க்குப் பிறகு வந்த மெல்லியதா? முன்பக்க பிளாஸ்டிக் தகட்டில் எட்டு ஸ்க்ரூவா, 1959க்குப் பின் வந்த பதினொன்றா? சால்டரிங் யாரும் தொடாததா? பென்சில் 1957 என்று சொல்லி, பிளாஸ்டிக்கில் பதினொரு ஓட்டை இருந்தால், இரண்டில் ஒன்று பிறகு வந்தது.

இவ்வளவு சொல்லியும் தோழன் விடமாட்டான் என்று தெரியும். அவனுக்கு ஒரு கேள்வி. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை வாங்கினார். சிலதை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றின் நல்ல பாகங்களைக் கழற்றி ஒரே கிடாராகச் சேர்த்தார். அதுதான் "பிளாக்கி". பாகங்கள் 1956, 57ஐச் சேர்ந்தவை. 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. அதற்கு எத்தனை வயசுடா?