கொங்கணக் கரையின் மீன்சோற்று மனைகள்

நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் போற்றிய மரபினர் நாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் இறாலைச் சுட்டுத் தின்றதையும், ஆமையைப் புழுக்கி உண்டதையும் பட்டினப்பாலை கூறக் கேட்டிருக்கிறோம். அம்மரபில் வந்த நாம் மும்பையிலிருந்து இரத்தினகிரி, மால்வண், கோவா என்று தெற்கே பயணம் புறப்படுகையில், "நல்ல மீன்சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று வினவுவது இயல்பே. விளம்பரப் பலகைகளை நம்பிச் செல்வதினும், அக்கரையின் வரலாற்றைச் சிறிது அறிந்து செல்வது இவ்வினாவுக்கு நல்ல விடை தரும் என்பது எம் கருத்து.

மால்வணிச் சமையல் என்று இன்று பெயர் பெற்றிருப்பது ஊரறியப் புகழடைந்தது பெரிதும் மால்வணில் அன்று, பம்பாயின் ஆலைப்பகுதியில்தான். 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் அந்நகரின் முதல் பஞ்சாலைக்கு வித்திட்டார். பின்னர் ஆலைகள் பெருகின. பரேல், லால்பாக் முதலிய பகுதிகள் 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், எனப் பெயர் பெற்றன. சஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கொங்கணத்தில் மழைக்காலத்து நெல் ஒருபோகம் விளைந்தால் உண்டு. ஆகவே இரத்தினகிரி மாவட்டத்து ஆடவர் மனைவி மக்களை ஊரில் விட்டுக் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தனர். ஓர் அறையில் பலர் தங்கி, ஒருவர் வேலைக்குச் செல்ல மற்றவர் வந்து உறங்கிய வாழ்க்கை அது.

இவர்களுக்குச் சோறிட்டது யார்? அதே சாலில் வாழ்ந்த பெண்கள்தாம். தம் வீட்டு அடுப்பிலேயே சமைத்து, மாதக் கணக்கில் பணம் பெற்று, ஊர்ச் சுவையில் உணவிட்டனர். இதற்குக் 'கானாவள்' என்று பெயர். சோறு, பாக்ரி, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, கையில் காசு குறைந்த நாளில் கருவாடு. பெயர்ப்பலகை கிடையாது; உண்டவர் வாய்ச்சொல்லே விளம்பரம். நம்மவரின் முதல் தலைமுறையினர் மாதுங்காவில் உண்ட 'மெஸ்' சாப்பாட்டை நினைவுகூர்வோர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பெண்களின் உழைப்பு நெடுங்காலம் எவர் கணக்கிலும் ஏறவில்லை. மளிகைக் கடன், வட்டிக் கடன் என்று அல்லலுற்ற அவர்களை ஒன்றுதிரட்டி, வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தது 1975-இல் பிரேமா புரவ் தோற்றுவித்த அன்னபூர்ணா மகிளா மண்டல். ஆயினும், 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் இறங்கினர். கூலி நின்றால் கானாவளின் வரவும் நிற்கும் அல்லவா? பல ஆலைகள் மீளவேயில்லை. அந்நிலங்களில் இன்று வானளாவும் கட்டடங்கள் நிற்கின்றன. ஆலை வரலாற்றை எழுதுவோர் முதலாளியையும் தொழிற்சங்கத்தையும் மறவாமல் எழுதுகின்றனர். அடுப்படியை மறந்துவிடுகின்றனர் என்பது எம் குறை.

கொங்கணத்துச் சிற்றூர்களில் 'கர்குதி கானாவள்', அதாவது வீட்டுமுறை உணவகம், என்று மராத்தியில் எழுதிய சிறு பலகைகளை இன்றும் காணலாம். நாம் தேடிச் செல்லத் தக்கவை அவையே. நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற நாகரி எழுத்து அங்கே நன்கு உதவும்!

எந்த ஊரில் எதைக் கேட்பது என்பதும் அறிய வேண்டியது. பொம்பில் எனப்படும் நீர்த்த மென்மீன் மும்பைக்கு வடக்கேயும் குஜராத்திலும் மிகுதி. கோளி மக்கள் மூங்கிற் பந்தலில் அதனை உலர்த்துவதை வெர்சோவாவில் காணலாம். தெற்கே செல்லச் செல்லக் கானாங்கெளுத்தியும் மத்தியும் சிறக்கும்; அவர்கள் மொழியில் பாங்கடா, தார்லி. பாங்கடாக் குழம்பில் திர்பள் என்னும் காட்டுக்காயின் மணம் இருந்தால் அது பழமுறைச் சமையல். புளிப்புக்குக் கோகம், நம் மேற்கு மலையின் குடம்புளிக்கு அது நெருங்கிய உறவு. குழம்பின் செந்நிறமோ அவ்வளவு பழமையன்று. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துகீசியர் வழியாக இக்கரைக்கு வந்தது, அவர்கள் கோவாவைக் கைப்பற்றிய 1510-க்குப் பின்னரே வேரூன்றியது.

காலமும் முக்கியம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நம் கிழக்குக் கரைத் தடையோ ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. எனவே அடைமழை நாளில் வஞ்சிரமும் வௌவாலும் தட்டு நிறைய வருமாயின், அவை பெரும்பாலும் பனிக்கட்டியிலோ வேற்றுக் கரையிலோ இருந்து வந்தவை என்க. நல்ல கானாவள் அப்பருவத்தில் உலர்ந்த சென்னாக்கூனியையும் கழிமுகத்துச் சிப்பியையும் பரிமாறும். ஆவணி அவிட்டத்தை ஒட்டிவரும் நாரளிப் பூர்ணிமையன்று கோளியர் கடலுக்குத் தேங்காய் படைப்பர். அதன்பின் புதுமீன் வரத்து மெல்லப் பெருகும்.

1998-இல் கொங்கண் இருப்புப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின் பயணிகள் பெருகினர். அவர்கள் கேட்பதெல்லாம் வஞ்சிரமும் வௌவாலுமே ஆதலால், பல விடுதிகள் மலிவான மத்தியை அட்டையிலிருந்தே நீக்கிவிட்டன. கேட்டால் சில இடங்களில் வீட்டாருக்கென வைத்த குழம்பிலிருந்து எடுத்துத் தருவர். நண்பகல் ஒரு மணிக்குள் சென்று, இன்று கரைக்கு வந்தது எது என்று கேட்டு அமர்வது நலம். இரண்டரை மணிக்குமேல் பல மனைகளில் பானை கவிழ்ந்துவிடும்.