சில்மார்க்கில் பேசிய கைகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டியது மார்த்தாஸ் வின்யார்டு தீவு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1952 வரை, பிறவியிலேயே காது கேளாதவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். குடியேறிய குடும்பங்கள் சில, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வேர் கொண்டவை. அவை தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், மறைந்திருந்த மரபணு அடிக்கடி வெளிப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சுமார் 5,700 பேரில் ஒருவர் காது கேளாதவர் என்றால், தீவில் அது 155 பேரில் ஒருவர். சில்மார்க் ஊரில் 25 பேரில் ஒருவர். அங்கே காது கேட்கும் பிள்ளைகளும் பேச்சோடு சேர்த்தே சைகைமொழி பழகினார்கள். காது கேளாதவர்கள் மீன் பிடித்தார்கள், பயிர் செய்தார்கள், ஊர்க்கூட்டத்தில் பங்கெடுத்தார்கள். 1970-களின் இறுதியில் மானிடவியலாளர் நோரா எலன் குரோஸ் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தபோது, அவர்கள் ஒருவரை முதலில் நினைவுகூர்ந்தது அவர் செய்த தொழிலை வைத்துத்தான். அவர் காது கேளாதவர் என்பது, குறிப்பாக விசாரித்த பிறகே ஞாபகத்துக்கு வந்தது. குறை உடலில் இருந்தது. ஆனால் அது ஊனமாக மாறவில்லை. ஊனத்தின் பெரும்பகுதியை ஆக்குவது சமூகம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்தத் தீவை அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் 1880-களில் ஆராய்ந்தார் என்பதுதான் வேதனை. சைகைமொழியும் விடுதிப் பள்ளிகளும் காது கேளாதவர்களைத் தங்களுக்குள்ளேயே மணக்கவைத்து ஒரு தனி இனத்தை உண்டாக்கிவிடும் என்று 1883-இல் எச்சரித்தவர் அவர். தீவோ நேர்மாறானதைக் காட்டியது. ஊரே சைகை பேசிய இடத்தில், மணம் முடித்த காது கேளாதவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்களையே மணந்தார்கள். மொழியைப் பகிர்ந்த இடத்தில் பிரிவினை குறைந்தது. பெல் பரம்பரையைத் தேடினார், வாழ்க்கையைக் கவனிக்கவில்லை.

எண்ணிக்கை அதிகம் என்பதால்தானே ஊர் கற்றது என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. காது கேளாதவர்கள் அரிதாக இருந்த தீவின் கிழக்கு ஊர்களில் சைகையும் குறைவு. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளியில் காது கேளாதவர்கள் திரளாகக் கூடினார்கள். சுற்றியிருந்த நகரம் அவர்களுடைய மொழியைக் கற்றுவிடவில்லை. ஒரே வயலில், ஒரே படகில், ஒரே குடும்பத்தில் கலந்து வாழ்ந்ததே சில்மார்க்கின் வேறுபாடு. பார்வையற்றவருக்கும் நடக்க இயலாதவருக்கும் வேறு ஏற்பாடுகள் வேண்டும், வலியையும் நோயையும் எந்தச் சமூகமும் பேசித் தீர்க்க முடியாது என்பதும் சரியே. அதற்காக, தீர்க்கக்கூடிய தடையையும் உடலின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

வென்றது பெல்லின் தரப்புதான். 1880-இல் மிலான் மாநாடு காது கேளாதோர் கல்வியில் சைகைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அமெரிக்கப் பள்ளிகளிலும் வகுப்பறையை விட்டுச் சைகை விரட்டப்பட்டது. அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டு மரபில் வந்தவர்கள் வான்கூவரில் கூடி நிராகரித்தது 2010-இல்.