கடைமடையில் பெண்களுக்கு ஒரு பள்ளி

பூம்புகாரில் பெண் கல்வி என்று பேச்செடுத்தால் சிலப்பதிகாரத்து மாதவியைத் தவிர்க்க முடியாது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றவள் அவள். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என்று அரங்கேற்றத்தில் அவளோடு நின்றவர்களின் தகுதிகளைச் சிலப்பதிகாரம் ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறது. அதே ஊரில் பிறந்த கண்ணகிக்கு ஆசிரியர் என்று ஒருவரையும் காப்பியம் காட்டவில்லை. கல்வி இருந்தது, அது பிறப்பால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு, கணிகையர் தொழிலுக்காக இருந்தது. காவிரிக் கரையில் இந்த நிலை வெகுகாலம் நீடித்தது.

கடற்கரையோடு தெற்கே போனால் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் கைக்கு வந்த துறைமுகம். 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு, ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, சிறுவர்களுக்கு நடுவே அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண்பள்ளி என்று அதைப் போற்றுவோர் உண்டு. அந்தப் பெருமையைவிட, அங்கே யாரைச் சேர்த்தார்கள் என்பதே என் மனத்தில் நிற்கிறது. தாய் தந்தை இல்லாதவர்கள், வறியவர் வீட்டுப் பிள்ளைகள், அடிமை வாழ்வில் கிடந்தவர்களின் குழந்தைகள். சோறும் துணியும் பள்ளியே கொடுத்தது. எழுத்தும் ஞானோபதேசமும் கற்பித்ததோடு, கைத்தொழிலாக நூற்பும் பின்னலும் சொல்லித் தந்தார்கள்.

சீகன்பால்கு படித்த ஜெர்மனியின் ஹாலே நகரில் பெண்களுக்கு வேறொரு மாதிரியும் இருந்தது. பிராங்கே என்ற கல்வியாளர் 1698இல் அங்கே உயர்குடிப் பெண்களுக்கென்று தனி விடுதிப் பள்ளி நிறுவினார். பணம் கட்ட முடிந்த குடும்பங்களின் மகள்களுக்கானது அது. அதே பிராங்கே அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் தனியாகப் பள்ளிகள் நடத்தினார். தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது அந்த இரண்டாவது மரபு. நம் கரைக்கு இது ஒரு நல்வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். ஹாலே 1710 முதல் அச்சிட்டு வெளியிட்ட தரங்கம்பாடி அறிக்கைகளைப் படித்த ஐரோப்பியர்களின் நன்கொடையும் இந்தப் பள்ளிகளைத் தாங்கியது.

அந்தப் பள்ளியும் ஒரு விலை கேட்டது. சேர்ந்த குழந்தை கிறித்தவளாக வளர்க்கப்பட்டாள். மாதவியிடம் கேட்கப்பட்ட விலையோடு இதை நான் ஒன்றாக வைக்கமாட்டேன். ஆனால் மறைப்பதும் சரியில்லை.

ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு கணக்கு எப்படி இருந்தது? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் செய்த கணக்கெடுப்பின் தொகுப்பு 1826இல் வெளிவந்தது. 12,498 பள்ளிகள், 1,88,650 பேர் படித்தார்கள், அவர்களில் பெண்கள் 4,540. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. எழுத்தறிவு ஆடல் மகளிருக்கே ஏற்றது என்று கருதப்பட்டதாக மன்றோ எழுதினார். வீட்டுக்குள் கற்றவர்கள் இக்கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில்கூடப் பெண்களுக்கான கிராமர் பள்ளிகள் எனப்படும் உயர்நிலைப் பள்ளிகள் பெருகியது 1869ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். பின்னாளில் பதினொரு வயதுத் தேர்வு யாரைச் சேர்ப்பது என்று அங்கே முடிவு செய்தது. நம் பக்கம் அதைக் குலமும் பாலினமும் முடிவு செய்தன. பின்னாளில் மருத்துவரும் சட்டமன்ற உறுப்பினருமான முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் 1907இல் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் தலையிட்டதால் இடம் கிடைத்தது. முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தவர். கல்வியைச் சிலருக்கு அளித்து அதற்கு ஈடாக வாழ்வையே கேட்ட பழைய ஏற்பாடான தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி சட்டமன்றத்தில் போராடினார். மயிலாடுதுறைக்கு அருகே மூவலூரில் வளர்ந்து, அந்த வாழ்வுக்குள்ளேயே தள்ளப்பட்டு மீண்டவரான இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார். 1936இல் அதை நாவலாகவும் எழுதினார். 1947இல் அந்த முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அந்த அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உதவியாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, மேற்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று அப்போது வகுக்கப்பட்டது. தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் இப்போது கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் விழுகிறது.