உறுதியும் இடாப்பும்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணச் சோனகதெரு முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்த நாளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். திரும்பி வந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

2002 ஏப்ரலில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஏ9 பாதை திறந்ததும் வாப்பா வந்து வளவைப் பார்த்தார். கூரையுமில்லை, கதவு நிலையுமில்லை. புத்தளத்துக்கே திரும்பிவிட்டார். யுத்தம் முடிந்தபிறகுதான் நான் குடும்பத்தோடு வந்தேன்.

காணி உறுதி கையில் இருந்தவர்களுக்கும் சிக்கல்தான். பத்து வருடம் வேறொருவர் குடியிருந்தால் அவர் ஆட்சியுரிமை கோரலாம். நாங்கள் ஊரில் இல்லாததோ இருபது வருடம்! 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் வழக்கிட இரண்டு வருடமே தந்தது. அதற்குள் எத்தனையோ பேர் காணியை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். வீட்டுத்திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆளைக் காணாதவர்களும் நம்மிலே உண்டு. அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. ஆனால், கூரையில்லாத வீட்டில் இரவு படுத்தால்தான் மீள்குடியேறியவர் என்று கணக்கெடுத்த அதிகாரிகளையும் சும்மா விட முடியாது.

புத்தளத்தில் எங்களை ‘அகதி’ என்றார்கள். இங்கே கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “புத்தளமோ?” என்கிறார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டு கேட்கலாம். ஆசிரியர் அறையில் 1990க்குப் பின் பிறந்த ஒரு தம்பி மிகுந்த மரியாதையோடு, “சேர், உங்கட ஆக்கள் எப்ப இங்க வந்தவை?” என்று கேட்டதுதான் தைத்தது. அவர் யாழ் இந்துவின் பழைய மாணவர். அதே கல்லூரியில் படித்தவர்தான் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ். சொன்னேன். “அப்பிடியோ சேர், தெரியாது” என்றார். பொய்யில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் பிள்ளைகள் ‘எங்கட ஊர்’ என்றால் இன்னும் புத்தளம்தான். பாடசாலை விடுமுறை தொடங்கிய அன்றே பஸ் ஏறிவிடுவார்கள். வாக்காளர் இடாப்பில் என் பெயர் இங்கே இருக்கிறது. மனைவியின் பெயர் இந்த வருடமும் அங்கேதான்.